தூரத்துப் பறவையும் தோளில் ஏறும் சுமையும்

நாகை மாவட்டத்தின் கடற்கரையூர் ஒன்றிலிருந்து சகோதரியார் ஒருவர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சாரத்தை அவர்தம் சொற்களிலேயே தருகிறோம்.

“துபாயில் பணியாற்றும் என் மகன் இம்முறை விடுமுறையில் வந்தபோது உரல் போன்ற ஒரு கேமரா லென்ஸைக் கொண்டு வந்தான். வந்த நாள் முதல் சுபுஹுத் தொழுகை முடிந்ததும் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு கோடிக்கரைக்குப் புறப்பட்டு விடுகிறான். வெயில் ஏறித் திரும்பும்போது தோள் கன்றிப் போயிருக்கிறது. இரண்டு ஆண்டுச் சேமிப்பு இதில் போயிற்றே என்று அவன் வாப்பா வருந்துகிறார். கைக்குள் அடங்கும் தொலைபேசியிலேயே படம் எடுக்கும் இக்காலத்தில் இவ்வளவு பெரிய பொருள் எதற்கு? சுமக்கத்தான் வேண்டும் என்றால், உடம்பு கெடாமல் சுமக்க வழியுண்டா?”

இரண்டு வினாக்கள், இரண்டும் நியாயமானவை. வாப்பாவின் வருத்தத்தையும் சேர்த்துக்கொண்டால் மூன்று. முதலில், அப்பொருள் ஏன் உரல் போல் இருக்கிறது என்பதைப் பார்ப்போம்.

நம் கண்ணுக்கு இயல்பாகத் தோன்றும் அளவில் காட்சியைத் தருவது 50 மில்லி மீட்டர் குவியத் தூரம் உள்ள லென்ஸ் என்பர். பறவைகளைப் படம் எடுப்போர் நாடுவது 500, 600 மி.மீ. லென்ஸ்களை. 600 என்பது 50ஐப் போல் 12 மடங்கு. எனவே ஒரே இடத்தில் நின்று எடுத்தாலும் பறவை 12 மடங்கு பெரிதாகப் பதிவாகும். ஆயினும் நீளம் மட்டுமே எடைக்குக் காரணம் அன்று. பறவைகள் சுறுசுறுப்பாக இயங்குவது வைகறையிலும் மாலையிலும். அந்த மங்கிய ஒளியில், நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்திற்குள் படம் பதிவாக வேண்டுமாயின், ஒளி புகும் வாய் அகன்றிருக்க வேண்டும். லென்ஸின் மீது ‘600 எஃப் 4’ என்று பொறித்திருந்தால், 600ஐ 4ஆல் வகுத்து வரும் 150 மி.மீ. அந்த வாயின் விட்டம். அதாவது 15 சென்டி மீட்டர்; சிற்றுண்டி வைக்கும் சிறு தட்டின் அளவு! அத்தனை அகலமுள்ள தடித்த கண்ணாடிகளையும், அவற்றைத் தாங்கும் உலோகக் குழாயையும் எண்ணிப் பாருங்கள். உரல் என்று அத்தாயார் சொன்னதில் பிழையே இல்லை.

தொலைபேசியால் இது ஏன் இயலாது? அதனுள் உள்ள ஒளியுணர் தகடு விரல் நகத்தளவே ஆனது. அதன் லென்ஸோ மிகச் சிறிய துளை. அதில் உருவத்தை ‘பெரிதாக்கும்’போது, பெரும்பாலும் பதிந்த சிறு உருவம்தான் இழுக்கப்பட்டு விரிகிறது, புதிதாக இறகின் நுணுக்கம் எதுவும் அதில் வந்து சேர்வதில்லை. திருமண வீட்டில் எதிரே நிற்கும் பேரப்பிள்ளையைப் படம் எடுக்கத் தொலைபேசி போதும். உப்பளத்தின் நடுவே நிற்கும் உள்ளானுக்குப் போதாது.

எடையின் வரலாறும் சுவையானது. கேனான் நிறுவனம் 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட 600 எஃப் 4 லென்ஸ் 5 கிலோ 360 கிராம் எடை கொண்டது. அதன் அடுத்த வடிவம் 3 கிலோ 920 கிராமுக்கு இறங்கியது. 2018இல் வந்த மூன்றாம் வடிவம் 3 கிலோ 50 கிராம்தான். ஏறத்தாழ இருபதே ஆண்டுகளில் இரண்டு கிலோவுக்கு மேல் கரைந்து போயிற்று! உலோகக் கலவை இலேசானது ஒரு காரணம். உள்ளிருக்கும் கனத்த கண்ணாடிகள் பலவற்றை முன்முனையிலிருந்து பின்னோக்கி நகர்த்தியது மற்றொரு காரணம். முன்பகுதியில் வெறுவெளி மிகுந்தது. பாரம் கேமராவை ஒட்டி வந்தது. கையில் ஏந்துவோருக்கு எடை குறைந்ததைவிட இந்த இடமாற்றமே பெரிய நன்மை. ஒரு செங்கல்லை மார்போடு அணைத்துப் பிடிப்பதற்கும், கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வேறுபாடு அது.

துபாயிலிருந்து வந்த லென்ஸ் இவற்றில் எந்த வகை என்று கடிதத்தில் இல்லை. தோள் கன்றியிருப்பதைப் பார்த்தால், பழையதொன்றை இரண்டாம் கையாக வாங்கியிருப்பாரோ என எண்ணத் தோன்றுகிறது. கன்றியதற்கு வேறொரு காரணமும் இருக்கக்கூடும். அதைப் பின்னர்ச் சொல்கிறோம்.

இவ்வளவு பெரிய கருவி கையில் இருந்தால் எங்கோ தொலைவில் நிற்கும் பறவையை வீட்டு வாசலில் நின்றே படம் எடுத்துவிடலாம் என்று பலர் கருதுகின்றனர். கணக்குப் போட்டுப் பார்த்தால் உண்மை வேறாக இருக்கிறது.

கோடிக்கரையின் சேற்று வெளிகளில் குளிர்காலத்தில் கொசு உள்ளான் என்னும் சிறு பறவை திரியும். வடதுருவத்தை ஒட்டிய நிலங்களில் குஞ்சு பொரித்துவிட்டு நம் கரைக்கு வருவது. எடை சுமார் 25 கிராம்; நீளம் சுமார் 13 செ.மீ. முப்பத்தாறு மில்லி மீட்டர் அகலமுள்ள முழு அளவுத் தகட்டில் இப்பறவை படத்தின் பாதி அகலத்தையாவது நிரப்ப வேண்டுமாயின், 600 மி.மீ. லென்ஸுக்கு எதிரே அது நாலேகால் மீட்டர் தொலைவில் இருந்தாக வேண்டும்! ஒரு கூடத்தின் நீளம். இரண்டரைக் கிலோ மீட்டர் நடந்து, பத்துக் கிலோவைச் சுமந்து, இறுதியில் கூடத்தின் நீளத்திற்குள் பறவை வந்தால்தான் படம். பூநாரையின் நிலை வேறு. ஒன்றேகால் மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் பெரும் பூநாரையை முப்பது மீட்டருக்கு அப்பால் இருந்தே முழுமையாகப் படத்தில் அடக்கிவிடலாம்.

ஆக, பெரிய லென்ஸ் தூரத்தை ஒழித்துவிடுவதில்லை. ஓரளவு குறைத்துத் தருகிறது; அவ்வளவுதான். எஞ்சிய தூரத்தை யார் கடப்பது என்பதே இக்கலையின் முதன்மையான வினா. மனிதன் கடக்க முயன்றால் பறவை எழுந்து பறந்துவிடும். மனிதன் ஓரிடத்தில் அசையாமல் அமர்ந்திருந்தால், இரை தேடும் பறவை தானாகவே நெருங்கி வருவதுண்டு. ஓதம் ஏறும் நேரத்தில் நீர் சேற்றை மூட மூட, உள்ளான்கள் மெல்ல மெல்லக் கரை நோக்கி ஒதுங்கும். அவ்வேளையில் கரையோரம் தாழ்ந்து படுத்திருப்பவருக்கு எதிரே பத்தடியில் வந்தும் அவை இரை கொத்தும்.

ஒரு கூட்டத்தை எழுப்பிவிடுவதில் என்ன பெரிய தீங்கு என்று கேட்கலாம். ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்த பறவை இங்கே செய்யும் வேலை ஒன்றே: தின்று கொழுப்பைச் சேர்ப்பது. திரும்பிச் செல்லும் பயணத்திற்கு அதுவே எரிபொருள். ஒவ்வொரு முறை அஞ்சிப் பறக்கும்போதும் சேர்த்ததில் சிறிது செலவாகிறது. தின்னும் நேரமும் வீணாகிறது. பகலில் பத்துப் பேர் பத்து முறை எழுப்பினால்? பூநாரைக் கூட்டம் சிறகு விரித்து எழும் செந்நிறக் காட்சிக்காகவே கைதட்டி ஓடுபவர்களை இந்நாளில் காண்கிறோம். கையில் 600 மி.மீ. லென்ஸை வைத்துக்கொண்டு அப்படி ஓடுபவரைக் கண்டால், இவர் எதற்காக இதை வாங்கினார் என்றே கேட்கத் தோன்றுகிறது. அருகே செல்லாமல் இருப்பதற்கான விலையைத்தானே இவர் கொடுத்தார்?

பறவையியல் அறிஞர் சாலிம் அலியை அறியாத நம் வாசகர் இரார். 1896இல் பம்பாயில் பிறந்து 1987இல் மறைந்தவர். சிறுவனாக இருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் வீழ்த்திய மஞ்சள் கழுத்துச் சிட்டு ஒன்று, இது என்ன பறவை என்ற வினாவை அவருள் எழுப்பிற்று. தாய்மாமன் அமீருத்தீன் தியாப்ஜி அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு அனுப்பிவைத்தார். அக்காலத்தில் பறவையை ஐயமின்றி அறிய வேண்டுமானால் அதைச் சுட்டுக் கையில் எடுத்துப் பார்ப்பதே முறையாக இருந்தது. இன்று துப்பாக்கியின் இடத்தை லென்ஸ் பெருமளவு எடுத்துக்கொண்டுவிட்டது. அலகின் வளைவு, காலின் நிறம், இறகு விளிம்பின் வெண்மை ஆகிய யாவும் படத்தில் தெரிகின்றன; பறவையோ தன் வழியே போகிறது.

சாலிம் அலியின் நெருங்கிய நண்பர் லோக் வான் தோ என்னும் செல்வந்தர். மலாயாவில் பிறந்து சிங்கப்பூரில் திரைப்படத் தொழிலில் புகழ் பெற்றவர். இந்தியாவில் அலியுடன் பல பயணங்கள் சென்று பறவைகளைப் படம் எடுத்தார். அவருடைய பறவைப் படநூல் 1957இல் வெளிவந்தது. 1964இல் தைவானில் நேர்ந்த விமான விபத்தில் மறைந்தார். அவர் காலத்தில் இன்றைய பெரிய லென்ஸ்கள் இல்லை. எனவே அக்காலத்துப் பறவைப் படங்களுள் மிகப் பல கூட்டின் அருகே மறைவிடம் அமைத்து எடுக்கப்பட்டவையே. குஞ்சுக்கு இரை கொண்டு வரும் தாய்ப்பறவை மட்டுமே நிச்சயமாக ஓரிடத்திற்குத் திரும்பி வரும் என்பதால். இன்று அந்தத் தேவை இல்லை. கூட்டை நெருங்கினால் தாய் கூட்டைக் கைவிடுவதும், காகம் இடம் கண்டுகொள்வதும் உண்டு. அதனால் பல போட்டிகளும் இதழ்களும் கூட்டின் படங்களை ஏற்பதேயில்லை. சரியான முடிவு.

சென்னையில் வாழ்ந்த இயற்கை அறிஞர் மா. கிருஷ்ணனையும் இங்கே சொல்ல வேண்டும். 1912 முதல் 1996 வரை வாழ்ந்தவர். காட்டு விலங்குகளையும் பறவைகளையும் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தவர். ஒரு நிறுவனத்தின் கேமரா, வேறொரு நிறுவனத்தின் லென்ஸ், இடையே தம் கையால் செய்த பாகங்கள் என ஒன்றுகூட்டிய கனத்த கருவி ஒன்றை வைத்திருந்தார். அதற்கு அவரே ‘சூப்பர் பாண்டெரோசா’ என்று பெயரும் சூட்டியிருந்தார். கனமானது என்பதையே பெயராக வைத்த நகைச்சுவை! பணம் மட்டுமே இக்கலைக்கு வழி என்று எண்ணும் இளைஞர்கள் அவரைப் பற்றித் தேடிப் படிப்பது நல்லது.

இனி, சுமக்கும் வகை.

நம் ஊர்களில் தலையில் குடம் சுமக்கும் பெண்மணிகள் எவ்வளவு நிமிர்ந்து நடக்கின்றனர்! சுமை முதுகெலும்பின் நேர்கோட்டில் இறங்குவதால்தான். அச்சுமையே ஒரு பக்கத் தோளில் தொங்கினால் உடல் மறுபக்கம் சாயும். ஒரு மணி நேரத்தில் இடுப்பு நோகும். பெரிய லென்ஸுக்கும் இதே நியதி. பத்து நிமிடத்திற்கு மேல் நடக்க வேண்டியிருந்தால் முதுகுப் பையே ஏற்றது. அப்பையில் இடுப்புப் பட்டை இருக்க வேண்டும். அதை இறுக்கிக் கட்ட வேண்டும். பலர் பட்டையைத் தொங்கவிட்டபடியே நடக்கின்றனர். பாரத்தின் பெரும்பகுதியை இடுப்பெலும்பு ஏற்பதற்காகவே அது தைக்கப்பட்டிருக்கிறது. கனத்த பொருள் முதுகை ஒட்டியிருக்குமாறு பையை அடுக்குவதும் முக்கியம்.

பறவை நடமாடும் இடத்தை அடைந்தபின் பையிலேயே வைத்திருக்க முடியாது. அங்கே பெரும்பாலோர் செய்வது, முக்காலியில் லென்ஸைப் பூட்டியவாறே முக்காலியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடப்பது. லென்ஸ், கேமரா, சுழல் தலை, முக்காலி எல்லாம் சேர்ந்தால் எட்டுப் பத்துக் கிலோ ஆகிவிடும். அத்தனையும் முக்காலியின் ஒரு மெல்லிய காலின் வழியே தோளெலும்பில் அழுந்துகிறது. அச்சகோதரியாரின் மகனுக்குத் தோள் கன்றியது இதனால்தான் என்பது நம் ஊகம். பரிகாரம் எளிது. தலைச்சுமைக்குச் சும்மாடு எப்படியோ அப்படியே முக்காலியின் மேற்கால்களைச் சுற்றித் தடித்த பஞ்சு உறை கட்டிவிட வேண்டும். கடையில் இதற்கென உறைகள் விற்கின்றன. பழைய துண்டைச் சுருட்டிக் கட்டினாலும் குறைவில்லை. நூறு அடிக்கு ஒரு முறை தோளை மாற்றிக்கொள்ள வேண்டும். இவ்வாறு தூக்குமுன் லென்ஸைப் பூட்டிய திருகு இறுகியிருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் கையால் திருகிப் பார்ப்பது கட்டாயம். இது தோளுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தொங்கும் சுமை. விழுந்த பிறகுதான் தெரியும்.

பெரிய லென்ஸின் நடுவே ஒரு வளையமும் அதன் அடியில் கால் போன்ற ஓர் உலோகப் பட்டையும் இருக்கும். எடுப்பது, வைப்பது, தூக்குவது யாவும் அந்தக் காலைப் பற்றியே நடைபெற வேண்டும். கேமராவைப் பிடித்துத் தூக்கினால் மூன்று கிலோவுக்கு மேலான பாரமும் இரண்டும் இணையும் சிறு வளையத்தில் தொங்குகிறது. கழுத்துப் பட்டையும் அவ்வாறே. கேமராவில் மாட்டிய பட்டையைக் கழுத்தில் போடுவது கருவிக்கும் கேடு, கழுத்துக்கும் கேடு. லென்ஸிலேயே மாட்டி, உடலுக்குக் குறுக்காக, ஒரு தோளிலிருந்து எதிர்ப்பக்க இடுப்புக்குச் செல்லும் பட்டை மேல்.

கையில் ஏந்திப் படம் எடுப்பவர்கள் இடக்கையை லென்ஸின் அடியில், முன்னோக்கி வைத்து, முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். கால்கள் சற்று அகன்றிருக்கட்டும். பறவை வரும் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டே நிற்பது வீண். கை நடுங்கத் தொடங்கியபின் பறவை வரும்! 600 மி.மீ. லென்ஸ் பார்க்கும் அகலம் மூன்றரைப் பாகைக்கும் குறைவு. உடல் ஒரு பாகை அசைந்தாலே காட்சியில் கால் பங்குக்கு மேல் நகர்ந்துவிடும். இக்காலத்து லென்ஸ்களில் நடுக்கத்தை ஈடு செய்யும் அமைப்பு உண்டு. அது நம் கையின் அசைவை அடக்குமேயன்றிப் பறவையின் அசைவை அடக்காது. பறக்கும் பறவைக்கு நொடியில் 2000இல் ஒரு பங்கு வேகம் வேண்டும். தெளிவாக விழும் ஆழமும் மிகக் குறைவு. பத்து மீட்டர் தொலைவில், எஃப் 4 துளையில், ஆறேழு செ.மீ. மட்டுமே. கண் தெளிவாக இருந்தால் வால் மங்கும். கண்ணே தெளிவாக இருக்க வேண்டும் என்பது இத்துறையினரின் மரபு.

முக்காலி வைக்க இயலாத இடத்தில், காரின் சன்னல் விளிம்பிலோ வரப்பிலோ ஒரு துணிப்பையை வைத்து அதன்மேல் லென்ஸைக் கிடத்தலாம். பையில் அரிசியோ பயறோ முக்கால் பங்கு நிரப்பினால் போதும். லென்ஸ் அதில் பதிந்து அசையாமல் கிடக்கும். வெளியூர் செல்லும்போது பையை வெறுமையாகக் கொண்டுபோய் அங்கே நிரப்பிக்கொள்ளலாம். நிரப்பிய அரிசியைத் திரும்பச் சமையலறையில் கொட்டுவது பற்றி உம்மாமார்களின் கருத்தைக் கேட்டுக்கொள்வது உத்தமம். சேற்றில் படுத்து எடுப்பவர்களில் சிலர், விளிம்பு உயர்ந்த பழைய வாணலி ஒன்றில் லென்ஸைத் தாங்கும் தலையைப் பூட்டி, அதைச் சேற்றின் மீது படகு போலத் தள்ளிக்கொண்டு நகர்வார்கள். கேலிக்குரியதாகத் தோன்றினாலும் மிகப் பயனுள்ள ஏற்பாடு. பாரம் முழுவதும் தரையில். கண்ணோ பறவையின் கண்மட்டத்தில்.

விரல்கள் மரத்துப் போவது, இரவில் மணிக்கட்டு வலிப்பது, கழுத்திலிருந்து கைக்கு வலி இறங்குவது ஆகியவை தென்பட்டால் தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாளும் புறப்படுவது கூடாது. மருத்துவரைக் காண வேண்டும்.

கோடிக்கரையைப் பற்றி ஒரு சொல். 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. 2002இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பறவைகளின் காலில் வளையமிட்டு அவற்றின் வழிகளை ஆராய்ந்து வந்திருப்பதும் அங்கேதான். திறந்த வெளியும் உப்பளமும் ஆதலால் வெயில் ஏறியதும் தரையிலிருந்து கானல் எழும். அதன் பிறகு எந்த லென்ஸும் பயன்படாது. பறவையைப் பன்னிரண்டு மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி கானலின் நெளிவையும் பன்னிரண்டு மடங்கு பெரிதாக்கும்! படங்கள் தெளிவாக இல்லை என்று கருவியைக் குறை கூறுவோர் பலர் நண்பகலில் எடுத்தவர்களே. கதிர் எழுந்த முதல் இரண்டு மணி நேரமே பொன்னான நேரம். எனவே சுபுஹு முடிந்ததும் மகன் புறப்படுவதைச் சகோதரியார் தடுக்க வேண்டாம். வெயில் ஏறுமுன் திரும்பிவிடச் சொல்லலாம். நடையும் குறையும், தோளும் தப்பும். வனத்துறையினரின் அனுமதியும், உப்பளத்துக்குள் செல்வதாயின் உரியவர்களின் இசைவும் பெற்றே செல்ல வேண்டும். கரையோரக் காவலர்கள் நீண்ட குழாயைக் கண்டு வினவுவது இயல்பு. அடையாள அட்டையைக் காட்டி, எடுத்த படங்களையும் காட்டினால் பேச்சு அத்தோடு முடியும். துறைமுகம், அணுமின் நிலையம், விமான நிலையம் ஆகியவற்றின் பக்கம் லென்ஸைத் திருப்பாதிருப்பது நாட்டிலும் வெளிநாட்டிலும் ஒருசேரப் பொருந்தும்.

நம் குடும்பங்கள் நெருங்கி வாழும் தெருக்களில் இதைவிடப் பெரிய செய்தி ஒன்றுண்டு. வீட்டு மொட்டை மாடியில் நின்று எதிர்வீட்டு முருங்கையில் அமர்ந்த குயிலைக் குறி வைக்கிறார் ஒருவர். அவருக்குத் தெரிவது குயில். எதிர்மாடியில் துணி உலர்த்தும் பெண்மணிக்குத் தெரிவது தன் பக்கம் திரும்பிய ஒரு பெரிய குழாய். அவர் மனம் எவ்வளவு பதறும்! தூரத்தில் இருப்பதை அருகே கொண்டு வரும் பொருளை வைத்திருப்பவர், தம் எண்ணம் தூயது என்பதோடு நின்றுவிட முடியாது. குடியிருப்புகளுக்கு நடுவே அதை உறையிலிருந்து எடுக்காமல் இருப்பதே பண்பு. அண்டை வீட்டாரிடம் முன்கூட்டிச் சொல்லி அவர்கள் இசைந்தாலும், வீடுகளின் பக்கம் திருப்பாமல் வானத்தையோ வயலையோ நோக்கியே நிற்க வேண்டும்.

வாப்பாவின் வருத்தத்திற்கு வருவோம். 600 எஃப் 4 புதிதாக வாங்கினால் பத்து இலட்ச ரூபாய்க்கு மேல் ஆகும். ஒரு கார் வாங்கும் தொகை. முதன்முதலாக இத்துறையில் இறங்குவோர் இதை வாங்குவதை நாம் பரிந்துரைப்பதில்லை. 150இலிருந்து 600 மி.மீ. வரை விரியும் லென்ஸ்கள் 2013 முதல் டாம்ரான், சிக்மா நிறுவனங்களிலிருந்து வந்துள்ளன. அவற்றுள் இலேசானவை இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவே. பெரிய லென்ஸின் விலையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். குறை என்னவெனில், நீட்டிய நிலையில் துளை எஃப் 6.3, பெரிய லென்ஸுக்குள் புகும் ஒளியில் ஐந்தில் இரண்டு பங்கே இதில் புகும். வைகறையில் இந்த வேறுபாடு தெரியும். வெயில் வந்தபின் அவ்வளவு தெரியாது. நிக்கான் நிறுவனம் 2018இல் வெளியிட்ட 500 எஃப் 5.6 லென்ஸ் ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு. வயது முதிர்ந்தோரும், தனியே சுமந்து செல்லும் பெண்களும் இத்தகையவற்றையே நாடுவது அறிவுடைமை. சென்னை, பெங்களூர் போன்ற நகரங்களில் பெரிய லென்ஸ் நாள் வாடகைக்கும் கிடைக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் செல்பவருக்கு வாடகையே போதுமானது.

வாங்கியாயிற்று என்றால்? இரண்டு ஆண்டுச் சேமிப்பு வீணாயிற்று என்று நாம் சொல்ல மாட்டோம். நல்ல லென்ஸ் எளிதில் மதிப்பிழப்பதில்லை. பத்து ஆண்டுகள் கடந்தும் உழைக்கும். ஆனால் மகனார் வாழும் துபாயிலேயே ராஸ் அல் கோர் என்னும் பூநாரைச் சரணாலயம் இருக்கிறது. நகரத்தின் நடுவே, கோபுரக் கட்டடங்களின் பின்னணியில். 2007இல் அதுவும் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பார்ப்பதற்கென்றே மறைவிடங்கள் கட்டியிருக்கிறார்கள். சுமந்து நடக்க வேண்டிய தொலைவும் மிகக் குறைவு. விடுமுறை நாள்களில் அங்கே பழகிக்கொண்டு, ஊருக்கு வரும்போது லென்ஸை அங்கேயே பாதுகாப்பாக வைத்துவிட்டு வரலாமே! விடுமுறையின் சில காலைகளாவது உம்மாவுடன் தேநீர் அருந்தக் கிடைக்கும்.

கொண்டுதான் வர வேண்டும் என்றால், சரக்கோடு போடாமல் கைப்பையில் கொண்டு வர வேண்டும். பல விமான நிறுவனங்களில் கைப்பைக்கு வரம்பு 7 கிலோ. முக்காலியைப் பெட்டியில் போட்டுவிட்டால் சமாளிக்கலாம். விலைச்சீட்டும் வரிசை எண்ணும் கையில் இருக்கட்டும். சுங்கத்தில் தாமே முன்வந்து அறிவித்துவிடுவது பின்னால் வரும் தொல்லையைத் தவிர்க்கும்.

கடலோர வீடுகளில் லென்ஸைக் காப்பது தனிக் கவலை. உப்புக் காற்றில் வெளியே போய் வந்த அன்றே, நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் குழாயைத் துடைத்து, உலர்ந்த துணியால் மீண்டும் துடைக்க வேண்டும். முன்கண்ணாடியில் ஒட்டிய உப்பையும் மணலையும் முதலில் ஊதி அகற்றிய பிறகே துணி படலாம். இல்லையேல் கீறல் விழும். குளிர்சாதன அறையிலிருந்து நேரே வெளியில் எடுத்தால் கண்ணாடியில் நீர் படியும். பையை மூடியவாறே வெளியில் அரை மணி நேரம் வைத்திருந்து பிறகு திறப்பது நல்லது. ஈரம் தங்கிய இடத்தில் பூஞ்சை பிடிக்கும். உள்கண்ணாடியில் பிடித்துவிட்டால் செலவு மிகுதி. காற்றுப் புகாத பெட்டியில் ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளை இட்டு வைக்கலாம். ஈரப்பதம் நூற்றுக்கு நாற்பது ஐம்பது என்ற அளவில் நிற்குமாறு பார்த்துக்கொண்டால் போதும். மணிகள் நிறம் மாறியதும் எடுத்து உலர்த்திப் போட வேண்டும். தோல் உறையிலேயே மாதக்கணக்கில் மூடி வைப்பது பூஞ்சைக்கு விருந்து வைப்பது போன்றது.

பறவைகளைப் பார்க்க மட்டுமே விரும்புவோர்க்கு இருகண் நோக்காடி போதுமா, அதில் 8க்கு 42 என்று எழுதியிருப்பதன் பொருள் என்ன என்று கீழக்கரையிலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் இரு வாசகர்கள் கேட்டிருக்கின்றனர். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில்.